இடுப்பில் கட்டிய துண்டு

பெண்மை என்றதும் அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்னும் நான்கையும் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஐந்தாவதாக ஒன்றை எழுதாமலேயே சேர்த்துக்கொண்டோம். அது பணிவிடை. சமைப்பதும், பெருக்குவதும், நோயாளியைத் துடைத்துவிடுவதும் பெண்ணின் இயல்பு என்றோம். தீர்மானிப்பது ஆணின் இயல்பு என்றோம். இயல்பு என்று சொல்லிவிட்டால் அதற்கு நன்றி கூறவும் தேவையில்லை அல்லவா?

பெரிய வியாழன் நற்செய்தி இந்தப் பங்கீட்டைக் கலைத்துவிடுகிறது. புழுதி படிந்த பாதங்களைக் கழுவுவது அக்காலத்தில் அடிமைகளின் வேலை, பெண்களின் வேலையும்கூட. திமொத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் திருமுகம், கைம்பெண்களின் நற்செயல்களுள் பாதம் கழுவுதலையும் எண்ணுகிறது. யோவான் நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில், பெத்தானியா மரியா ஆண்டவரின் பாதங்களில் தைலம் பூசித் தம் கூந்தலால் துடைக்கிறார். அடுத்த அதிகாரத்தில் ஆண்டவரே துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடர்களின் பாதங்களைக் கழுவித் துடைக்கிறார். கிரேக்க மூலத்தில் இரண்டு இடங்களிலும் துடைத்தலுக்கு ஒரே வினைச்சொல்தான். ஒரு பெண் செய்ததை இறைமகன் தம் கையால் செய்கிறார். பேதுருவால் அதைத் தாங்க முடியவில்லை.

திருச்சபையும் இதனை மெல்ல மெல்லவே உள்வாங்கியது. 1955இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் புனித வாரச் சடங்குகளைச் சீரமைத்தபோது, பாதம் கழுவப்பெற ஆண்களே குறிக்கப்பட்டனர். 2013இல் திருத்தந்தை பிரான்சிஸ், உரோமை இளையோர் சிறையில் இரு பெண்களின் பாதங்களையும் கழுவினார். 2016இல் வெளியான ஆணை, இறைமக்கள் அனைவரிடமிருந்தும் ஆள்களைத் தெரிந்துகொள்ள வழிவிட்டது. 2021இல் வாசகர், பீடத்துணைவர் பணிகளும் சட்டப்படி பெண்களுக்குத் திறக்கப்பட்டன.

இம்மாற்றங்களால் மகிழ்கிறோம். ஆனால் பெண் ஏறிய படிகளை மட்டும் எண்ணினால் போதுமா? இன்று அவள் அலுவலகம் செல்கிறாள், பங்குப் பேரவையில் அமர்கிறாள், வாசகம் வாசிக்கிறாள். மாலையில் வீடு திரும்பியதும் அடுப்பையும் அவளே பற்றவைக்கிறாள். பழைய சுமை இறங்காமல் புதிய சுமை ஏறியிருக்கிறது. இதற்கு விடுதலை என்று பெயரிடுவது பொருந்துமா?

பணிவிடை இழிவானது என்று நாம் சொல்லவில்லை. அது இழிவாயின் ஆண்டவர் அதைத் தொட்டிருக்கமாட்டார். அது பெண்ணுக்கு மட்டும் உரியது என்பதே பிழை. பாதம் கழுவியபின், தாம் செய்ததுபோலவே செய்யுமாறு அவர் பணித்தது அந்த அறையிலிருந்த சீடர்களை அன்றோ! அக்கட்டளை குருக்களுக்கும், குடும்பத் தலைவர்களுக்கும், பீடச் சிறுவர்களுக்கும் உரியது.

பங்குத் திருவிழா அசனம் முடிந்ததும் கரிபிடித்த அண்டாக்கள் கிணற்றடியில் காத்திருக்கும். வழக்கம்போல் பெண்களே அங்கே குனிந்திருப்பார்கள். இம்முறை தோளில் கிடக்கும் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நாமும் அங்கே செல்வோம்.