மூன்று மாத நீடிப்பு

எமது மகளின் மகன் யாழ்ப்பாணத்தில் ஓர் அலுவலகத்திலே ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்க்கின்றான். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அவனது ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுகின்றது. சென்ற மாதம் அவனுக்கு வேறோர் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. சம்பளம் கொஞ்சம் கூட. ஆனால் இடம் வவுனியா. இப்பொழுது இருக்கும் இடத்திலோ, வருகிற வருடம் எல்லோரையும் நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று ஒரு பேச்சு அடிபடுகின்றதாம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும் என்று கூறிக்கொண்டு, ஒரு மாலைப்பொழுது எம்முன் வந்து அமர்ந்தான்.

"அம்மப்பா, விடவோ, இருக்கவோ?" என்றான்.

"நிரந்தரமாக்கிவிடுவார்கள்" என்ற அந்தச் சொல் எம்மை ஐம்பது வருடங்களுக்கு அப்பால் கொண்டுபோய் விட்டது. அதே சொல்லை நம்பி நாமும் ஒரு நாற்காலியில் இரண்டு வருடம் அமர்ந்திருந்தவர்தாம்.

1972ஆம் ஆண்டு. எமக்கு வயது 22. உயர்தரப் பரீட்சையிற் சித்தியெய்தியும் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. வீட்டிற் சும்மா இருந்த எமக்கு, ஐயாவுக்கு அறிமுகமான பெரியவர் ஒருவரின் தயவால், ஒரு திணைக்களத்தின் கிளைக் கந்தோரிலே தற்காலிக இலிகிதர் வேலை கிடைத்திருந்தது. மாதம் 200 ரூபாவுக்குச் சற்றுக் குறைவாகக் கைக்கு வரும். வருடாந்தச் சம்பள ஏற்றம் கிடையாது. பண்டிகை முற்பணம் கிடையாது. மற்ற இலிகிதர்கள் புகையிரத வாரண்டிலே குடும்பத்தோடு கதிர்காமம் போய் வந்து கதை சொல்லுவார்கள். நாம் கேட்டுக்கொண்டு இருப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பழுப்பு உறையில் ஒரு நீடிப்புக் கடிதம் வரும். அது வரவேண்டிய வாரத்தில் எமக்குச் சோறு இறங்காது. வந்துவிட்டாலோ, பெரிய பதவியுயர்வு கிடைத்தவர்போல வீட்டுக்குப் போவோம்.

ஊரிலே எம்மைத் தற்காலிகம் என்று எவரும் அறியார். "மூத்தவனுக்குக் கவண்மேந்து உத்தியோகம்" என்பதே அம்மாவின் வாக்கு. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்று எண்ணிய ஊர் அது. எமக்குக் கீழே ஒரு தங்கை. அவளுக்குச் சம்பந்தம் பேச வருபவர்கள் முதலிற் கேட்பது, "தமையன் என்ன செய்கிறார்?" என்பதைத்தான். அதற்கு எம் வீட்டில் ஆயத்தமாக ஒரு மறுமொழி இருந்தது. அந்த மறுமொழியிலே ஒரு சொல் எப்பொழுதும் விழுங்கப்பட்டுவிடும்.

அதே வருடம் வேறொரு வழியும் திறந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியினால் செத்தல் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலம். தோட்டக்காரர் கையிலே காசு புழங்கத் தொடங்கியிருந்தது. விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய வன்னிப் பகுதிகளிலே படித்த வாலிபர்களுக்குக் காணி வழங்கிக் குடியேற்றும் திட்டங்கள் நடந்துகொண்டிருந்தன. நண்பன் ஒருவனோடு சேர்ந்து விளையாட்டாகத்தான் நாமும் விண்ணப்பித்தோம். காணிக் கச்சேரிக்கு அழைத்தார்கள், வரிசையில் நின்றோம், கேட்ட கேள்விகளுக்கு விடை சொன்னோம். ஒருநாள், விசுவமடுவிலே காணி தெரிவாகியிருக்கின்றது, இன்ன திகதிக்குமுன் வந்து பொறுப்பேற்கவேண்டும் என்று கடிதம் வந்தது. அந்தத் திகதி, கந்தோரின் அடுத்த நீடிப்புத் தொடங்கும் நாளுக்கு நான்கு நாள் முந்தியது.

ஒரு கிழமை நாம் நித்திரை கொள்ளவில்லை. பழைய கடித உறைகளின் பின்புறத்திலே கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு பக்கம் மாதச் சம்பளம். மறுபக்கம் இத்தனை அந்தர் மிளகாய். மழை பிழைத்தால் என்ன, விலை விழுந்தால் என்ன என்று எழுதுவோம். எத்தனை தடவை கூட்டினாலும் கணக்கு ஒரு முடிவுக்கு வராது. நிரந்தரமானால் வரக்கூடிய ஓய்வூதியத்தையும் நாம் சம்பளப் பக்கத்திலே சேர்த்து எழுதிக்கொண்டிருந்தோம் என்பதுதான் காரணம். கைக்கு வராத ஒன்றை வரவு வைத்தவனுடைய கணக்கு எப்படிச் சரிவரும்?

இதை எமக்கு உணர்த்தியவர் அடுத்த மேசைக்காரர். அவரும் எம்மைப்போலத் தற்காலிகம். ஆனால் ஒன்பது வருடத் தற்காலிகம். தமது நீடிப்புக் கடிதங்கள் அனைத்தையும் திகதி வாரியாகத் துளையிட்டு, ஒரு கோப்பிலே கட்டி வைத்திருந்தார். நிரந்தரமாக்கும் நாளில் சேவைக் காலத்தை நிரூபிக்க அவை தேவைப்படும் என்பார். எமது சங்கடத்தைக் கேட்டுவிட்டு, அந்தக் கோப்பை எடுத்துத் தூசி தட்டினார்.

"இரண்டு வருஷத்திலை எனக்கும் ஒரு இடம் வந்தது தம்பி. கொழும்பிலை ஒரு கொம்பனி. இரண்டு வருஷத்தை விட்டிட்டுப் போறதோ எண்டு இருந்திட்டன். இப்ப ஒன்பதை எப்படி விடுறது?"

அவர் எம்மைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. கோப்பைத் திரும்பவும் இருந்த இடத்திலே வைத்துவிட்டார்.

அம்மாவுக்கு விசுவமடு என்றால் யானையும் மலேரியாக் காய்ச்சலுமே. அந்த அச்சத்தை நாம் குறை சொல்லமாட்டோம். 2016ஆம் ஆண்டிலேதான் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென்று சான்றளித்தது. நாம் சொல்லும் காலத்திலோ வன்னிக்குப் போய்க் காய்ச்சலோடு திரும்பியவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். ஆனால் அம்மாவின் உண்மையான கவலை அதுவன்று. "இவளின்ரை அலுவல் ஒப்பேறும் வரைக்குமாவது இரு தம்பி" என்றாள். தங்கையின் பெயரைச் சொன்னபின் எமக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை. நாமும் உள்ளூர அந்தச் சாட்டைத்தான் தேடிக்கொண்டிருந்தோமோ என்று பின்னாளிற் பலமுறை யோசித்திருக்கின்றோம்.

அந்தச் சாட்டைப் பறித்தவள் தங்கையே. குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றவள் வெளியே வந்தாள்.

"அண்ணா, உங்கடை உத்தியோகத்தைப் பார்த்து என்னைக் கட்ட வாற ஆள், மூன்று மாதத்துக்கு ஒருக்கால் வந்து கடிதம் கேட்டுப் பார்ப்பாரோ?"

அம்மா அவளை ஏசினாள். எமக்குச் சிரிப்பும் வெட்கமும் ஒருங்கே வந்தன.

ஐயா மட்டும் ஒன்றுமே சொல்லவில்லை. அவர் புகையிலைத் தோட்டக்காரர். எமது சிறுபிராயத்திலே, நிலம் வெளிக்குமுன் எழுந்து துலா மிதித்துத் தண்ணீர் இறைப்பார். ஒருவர் கிணற்றடியிலே பட்டையைப் பிடிக்க, ஐயா துலாவின் மீது முன்னும் பின்னுமாக நடப்பார். அவருடைய உள்ளங்காலின் தடிப்பை நாம் அறிவோம். அந்தக் கால்களின் உழைப்பிலேதான் பள்ளிக்கூடக் காசு கட்டினார்கள். அப்படிப்பட்டவரிடம் போய், மண்வெட்டி பிடிக்கப் போகின்றோம் என்று எப்படிச் சொல்வது? சம்பளமும் ஓய்வூதியமும் எமக்குப் பெரிதாய்த் தோன்றவில்லை. இது ஒன்றுதான் தொண்டையில் முள்ளாக நின்றது.

கடைசியில் ஓர் இரவு, முற்றத்திலே சாய்மனைக் கதிரையில் இருந்தவரிடம் நாமே சென்று கடிதத்தை வாசித்துக் காட்டினோம்.

"நான் துலா மிதிச்சது நீ மிதியாமல் இருக்கத்தான்" என்றார்.

"இப்ப துலா இல்லை ஐயா. இயந்திரம்."

அவர் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. சற்று நேரம் கழித்து, "உறுதி எழுதித் தருவினமோ?" என்று கேட்டார்.

உறுதி இல்லை என்றோம். அரச காணியை அனுமதிப்பத்திரத்தின் மேல் வழங்கும் முறை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தோடு வந்தது. எம்முடைய கடிதத்திலும், காணியைத் திருத்திப் பயிர் செய்யாவிட்டால் அனுமதி இரத்தாகும் என்று எழுதியிருந்தது. அதையும் மறைக்காமல் வாசித்தோம்.

"அப்ப அதுவும் தற்காலிகந்தானே?" என்றார் ஐயா.

வாசகர்களே, நாம் கந்தோரிலே இரண்டு வருடம் எத்தனையோ கடிதங்களுக்கு மறுமொழி எழுதியவர். அந்தக் கேள்விக்கு மட்டும் எமக்கு மறுமொழி தெரியவில்லை. "பயிர் செய்தால் இரத்தாகாது ஐயா" என்று மாத்திரம் முணுமுணுத்தோம். அவர் ஒரு சுருட்டைப் பற்றவைத்து, அது பாதி எரியும்வரை பேசாதிருந்தார். பிறகு கேட்டார்:

"அங்கை கிணத்திலை தண்ணி எத்தனை முழத்திலை?"

அதன்பின் நாம் கணக்கு எழுதவில்லை.

எமது விலகற் கடிதத்தைத் திருத்தித் தந்தவரும் அடுத்த மேசைக்காரர்தான். நாம் "இராஜினாமாச் செய்கின்றேன்" என்று எழுதியிருந்தோம். அவர் அந்தச் சொல்லை வெட்டினார். தற்காலிக ஊழியனுக்கு இராஜினாமாச் செய்ய என்ன பதவி இருக்கின்றது. நீடிப்பை ஏற்க இயலாமைக்கு வருந்துகின்றேன் என்று எழுதும் என்றார். அவ்வாறே எழுதினோம்.

யாழ்ப்பாணத்திலிருந்து விசுவமடு ஏறக்குறைய ஐம்பது மைல். ஆனையிறவு தாண்டிப் பரந்தனிலே முல்லைத்தீவு வீதிக்குத் திரும்பவேண்டும். லொறியிலே ஐயாவும் வந்தார். தம்முடைய மண்வெட்டியையும் கொண்டு வந்திருந்தார். இறங்கியதும் ஒருபிடி மண்ணை அள்ளிக் கசக்கிப் பார்த்துவிட்டு, நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்லாமல் உதறிவிட்டார். ஆனால் பத்து நாள் எம்மோடு தங்கி, நாற்றுமேடை போட்டுத் தந்துவிட்டே ஊர் திரும்பினார்.

முதற்போகம் எம்மைக் கைவிட்டது. குருமன் நோய் விழுந்து, இலைகள் சுருண்டு, பாதிக் கன்றுகள் காய்க்காமலே நின்றன. பாணுக்கு வரிசையில் நிற்கவேண்டியிருந்த அந்த 1973ஆம் ஆண்டிலே, கொட்டிலில் மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்றுகொண்டு, கந்தோரின் மின்விசிறியை நினைத்து ஏங்கினோம். ஒரு தடவை, திரும்ப எடுப்பீர்களா என்று கேட்டுக் கடிதமும் எழுதினோம். அதைத் தபாலிற் சேர்க்கவில்லை. அடுத்த வருடம் பயிர் பிடித்தது, விலையும் இருந்தது. மிளகாய்க் காசில் 1975ஆம் ஆண்டு தங்கையின் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் எமது உத்தியோகத்தைக் கேட்கவில்லை. எத்தனை அந்தர் என்று கேட்டார்கள்.

இவ்வளவோடு நிறுத்தினால் எமது முடிவு மிகவும் கெட்டித்தனமானதாகத் தோன்றும். 1977ஆம் ஆண்டு ஆட்சி மாறியது, இறக்குமதி திறந்துவிடப்பட்டது. மிளகாயும் வெங்காயமும் கப்பலில் வந்து இறங்க, எமது மூட்டைகளுக்கு இருந்த மதிப்பு போயிற்று. மறு வருடம், எமது பழைய கந்தோரிலே தற்காலிகமாயிருந்த அனைவரையும் நிரந்தரமாக்கினார்கள். அடுத்த மேசைக்காரருடைய கோப்பு கடைசியில் அவருக்கு உதவியது. அவர் ஓய்வூதியத்தோடு இளைப்பாறி, தமது வீட்டுத் திண்ணையிலே காலமானார். அந்தச் செய்தியை அறிந்த நாளில் எமக்கு வருத்தம் இருக்கவில்லை என்று எழுதினால் அது பொய். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்து கையிற் காசில்லாத மாதங்களிலெல்லாம், நாமும் இருந்திருந்தால் என்று எண்ணியதுண்டு. 2009ஆம் ஆண்டு தை மாதம், அந்தப் பகுதி மக்கள் எல்லோரையும்போல நாமும் கையிலே அகப்பட்டதோடு அங்கிருந்து வெளியேறினோம். மறு வருடம் திரும்பியபோது கிணறு இருந்தது, இயந்திரம் இல்லை. அனுமதிப்பத்திரத்தை மட்டும் பொலித்தீனிற் சுற்றி மடியிலே வைத்திருந்தோம். அந்தத் தற்காலிகத்திலேதான் இன்றும் இருக்கின்றோம்.

இவை யாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பேரன், "அப்ப நான் விடவோ, இருக்கவோ?" என்று மறுபடியும் தொடங்கிய இடத்துக்கே வந்தான். எமக்குச் சிரிப்பு வந்தது. நாம் அவனிடம் வேறொன்றைக் கேட்டோம். இரண்டு வருடமாக அவன் பெயரில் ஊழியர் சேமலாப நிதி கட்டுகின்றார்களா?

அவனுக்குத் தெரியவில்லை. 1958ஆம் ஆண்டின் சட்டப்படி அந்த நிதி நிரந்தர ஊழியருக்கு மாத்திரம் உரியதன்று. தற்காலிக ஊழியருக்கும் உண்டு. ஊழியர் சம்பளத்தில் நூற்றுக்கு 8, வேலை கொடுப்பவர் நூற்றுக்கு 12. இதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு வேலை கொடுப்பவர் நூற்றுக்கு 3 தனியாகச் செலுத்தவேண்டும். இப்படி எத்தனையோ பிள்ளைகள், நாளைய நிரந்தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு, இன்று தமக்கு உரியதைக் கேளாமல் இருக்கின்றார்கள். அவன் தன் தொலைபேசியிலே சம்பளப் பட்டியலைத் தேடி எடுத்தான். மேலிருந்து கீழாக இரண்டு தடவை பார்த்தான். கழிவு என்ற இடத்திலே ஒன்றும் இல்லை. புதிதாக வந்த கடிதத்திலே அந்த 8உம் 12உம் எழுதப்பட்டிருந்தன.

அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்கு என்னெண்டு சொல்லுறது?" என்றான். அவனைக் கண்ணெதிரே வைத்திருக்கவேண்டும் என்பது அவளுடைய ஆசை. நிரந்தரமாக்குவார்கள் என்ற பேச்சை வீட்டிலே அதிகம் சொல்லிக்கொண்டிருப்பவளும் அவளே.

நாம் வாய் திறக்குமுன் குசினிக்குள்ளிருந்து எமது மகளின் குரல் வந்தது. எவ்வளவு நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாளோ தெரியாது.

"அங்கை சாப்பாட்டுக்கு என்ன வசதியாம்?"