கந்தையில் மலர்ந்த கலை

விடுமுறை என்றதும் மாந்தர் மனம் மலையையும் கடலையும் நாடுகிறது. ஆனால், ஓய்வு தேடிப் புறப்பட்டவர் வழியில் ஏதோ ஓர் ஊரில் இறங்கி, அங்குள்ள எளிய மக்களின் கைத்திறனைக் கண்டு, வந்த நோக்கத்தையே மறந்து நிற்பதும் உண்டு. அமெரிக்காவின் தெற்கே, அலபாமா மாநிலத்தில் அத்தகைய ஊர் ஒன்று உள்ளது. ஜீஸ் பெண்ட் என்பது அதன் பெயர். மூன்று பக்கமும் அலபாமா ஆறு வளைந்தோட, நடுவே நாக்கைப் போல் நீண்டு கிடக்கும் சிற்றூர் அது.

அவ்வூரின் சாலையோரங்களில் பெரிய வண்ணப் பலகைகள் நிற்கின்றன. சிவப்பும் நீலமும் பழுப்புமாகக் கட்டங்கள். ஒன்றினுள் ஒன்றாக அடங்கும் சதுரங்கள். சற்றே கோணிச் செல்லும் பட்டைகள். புதிதாக வருவோர் அவற்றை ஏதோ நவீன ஓவியம் என்றே எண்ணுவர். உண்மையில் அவை அவ்வூர்ப் பெண்கள் தைத்த ஒட்டுத்துணிப் போர்வைகளின் உருவங்கள். 2006ஆம் ஆண்டில் அமெரிக்க அஞ்சல் துறை அப்போர்வைகளுள் பத்தினை அஞ்சல்தலைகளாக வெளியிட்டுப் பெருமை செய்தது.

இப்பெருமை எளிதில் வந்ததன்று. 1816இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் அமைத்தார். பின்னர் அது மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது. அவர் வட கரோலினாவிலிருந்து ஏறத்தாழ 100 அடிமைகளைக் கால்நடையாகவே நடத்தி வந்தார். அடிமைத்தனம் ஒழிந்த பின்னும் அம்மக்களின் வழித்தோன்றல்கள் அந்நிலத்திலேயே குத்தகை உழவர்களாகத் தங்கினர். பெட்வே என்னும் முதலாளியின் பெயரே அவர்களுள் பலருக்குக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது. 1932இல், கடன் கொடுத்திருந்த வணிகர் ஒருவர் இறந்தார். அவர் குடும்பத்தார் கடனுக்காக ஏறத்தாழ 60 குடும்பங்களின் கால்நடைகளையும் கருவிகளையும் தானியத்தையும் வாரிச் சென்றனர். அக்குளிர்காலத்தில் செஞ்சிலுவைச் சங்கம் அனுப்பிய உணவே அம்மக்களின் உயிரைக் காத்தது.

அத்தகைய வறுமையில் குளிரைத் தாங்க எழுந்ததே இத்தையற்கலை. கிழிந்த காற்சட்டை, நைந்த சட்டை, மாவுச் சாக்கு, உரச்சாக்கு ஆகியவையே மூலப்பொருள்கள். பயன்படும் பகுதிகளை வெட்டி இணைத்து மேற்புறத்தை ஆக்குவர். அதன்கீழே பஞ்சை அடித்துப் பரப்புவர். அடியில் மற்றொரு துணியை வைத்து, மூன்றையும் மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஊடுருவத் தைப்பர். மேற்புறத்தின் அமைப்பு ஒருத்தியின் சொந்தக் கற்பனை. சட்டத்தைச் சுற்றி அமர்ந்து தைப்பதோ பலர் கூடிச் செய்யும் வேலை. பாட்டும் வழிபாடும் ஊர்க்கதையும் அவ்வேளையில் ஊசியோடு சேர்ந்து ஓடும்.

ஆசிரியர் கருத்தில் கொள்ளத்தக்க செய்தி ஒன்று இங்கே உண்டு. இக்கலைக்குப் பாடநூல் இருந்ததில்லை. சட்டத்தின் அடியில் விளையாடிய சிறுமியர், மேலே ஏறி இறங்கும் ஊசியைப் பார்த்தே வளர்ந்தனர். பார்வை மங்கிய பாட்டியருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதே அவர்களின் முதற்பாடம். தாயின் போர்வையை மகள் அப்படியே படியெடுக்கவில்லை. அவளுக்கென ஒரு போக்கை அவளே கண்டுகொண்டாள்.

மிசூரி பெட்வே என்னும் பெண்மணி கணவரை இழந்தார். அவர் வயலில் உழைத்தபோது அணிந்த உடைகளையே வெட்டித் தம் மகளுடன் சேர்ந்து 1942இல் ஒரு போர்வையாக்கினார். மறைந்தவர் நினைவைப் போர்த்திக்கொள்ளவே அதைத் தைத்தாராம். முழங்கால் தேய்ந்த தடமும் வெளுத்துப்போன நிறமும் அத்துணியில் அப்படியே இருக்கின்றன. கல்லில் எழுப்பும் நினைவுச் சின்னங்கள் இதனினும் மிகுதியாக என்ன சொல்லிவிட முடியும்!

அறுபதுகளில் அம்மக்கள் வாக்குரிமை கேட்டு எழுந்தனர். ஆற்றின் அக்கரையிலுள்ள கேம்டன் நகருக்குச் சென்று பதிவு செய்யத் தலைப்பட்டதும், 1962இல் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. சில மணித்துளிகளில் கடக்கும் ஆற்றுக்காக ஏறத்தாழ 40 மைல் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. படகு மீண்டும் ஓடியது 2006ஆம் ஆண்டிலேதான். பதிவு செய்தோருள் பலர் குடியிருந்த வீட்டையும் இழந்தனர்.

அந்நாளில் அவ்வட்டாரத்தில் பயணம் செய்த பிரான்சிஸ் வால்டர் என்னும் பாதிரியார், ஒரு வீட்டுக் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த போர்வைகளைக் கண்டு வியந்தார். அவ்வியப்பின் பயனாக 1966இல் 'பிரீடம் குவில்டிங் பீ' என்னும் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. ஜீஸ் பெண்டிலும் அண்டை ஊர்களிலும் வாழ்ந்த பெண்கள் அதில் சேர்ந்தனர். போர்வைகள் நியூயார்க்கில் ஏலம் போயின. பெரிய வணிக நிலையங்கள் வேலை கொடுத்தன. தம் கையால் ஈட்டிய பணத்தைப் பலர் முதன்முறையாகக் கண்டனர். சங்கம் நிலம் வாங்கி, வீடிழந்த குடும்பங்களுக்கு மனைகளும் விற்றது. 2012இல் மூடப்படும் வரை அது 46 ஆண்டுகள் உழைத்தது.

வணிக நிலையங்கள் ஒரே அளவும் ஒரே அமைப்பும் கேட்டன. அங்கே கற்பனைக்கு இடமில்லை. 1972இல் சியர்ஸ் நிறுவனத்திற்குத் தலையணை உறைகள் தைத்தபோது மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகளைப் பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றனர். பகலில் கட்டளைக்குத் தைத்த கைகள், அத்துண்டுகளைக் கொண்டு தம் விருப்பம்போல் வீட்டில் தைத்தன. இன்று அரும்பொருட் காட்சியகங்களில் விளங்கும் போர்வைகளுள் சில அவ்வாறு மிஞ்சிய துண்டுகளால் ஆனவை.

2002இல் ஹியூஸ்டனிலும் நியூயார்க்கிலும் நடந்த கண்காட்சிகள் இவர்களை உலகறியச் செய்தன. புகழோடு வினாவும் எழுந்தது. கலையின் பயன் யாரைச் சேர வேண்டும்? 2007இல் சில பெண்கள் தமக்கு உரிய பங்கு கிட்டவில்லையென வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டில் அவ்வழக்குகள் தீர்ந்தன. அடிமை உழைப்பில் தொடங்கிய ஊரில், உழைப்பின் விலையைக் கேட்கும் குரல் பெண்களிடமிருந்தே எழுந்தது வியப்பன்று.

'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்பது தமிழர் முதுமொழி. அவ்வூர்ப் பெண்களோ கந்தையைக் கசக்கியதோடு நில்லாது, வெட்டி, அடுக்கி, ஒன்றுசேர்த்துத் தம் வரலாற்றையே அதில் எழுதினர். முன்னின்று தைத்த மூதாட்டியருள் பலர் இன்று இல்லை. ஆயினும் அவர்களுக்கு நூல் கோத்துக் கொடுத்த சிறுமியர் சட்டத்தின் முன் அமர்ந்து மூதாட்டியராயினர். ஒரு கலை வாழ்வதும் மறைவதும், சட்டத்தின் அடியில் விளையாடும் குழந்தையின் கையில் யாரேனும் ஓர் ஊசியைக் கொடுப்பதைப் பொறுத்ததே.