நண்டும் தராசும்

கொழும்புக் கோட்டையில், ஒல்லாந்தர் கால வைத்தியசாலைக் கட்டடத்தில் 2011 இல் திறக்கப்பட்டது 'மினிஸ்ட்ரி ஒஃப் கிராப்' உணவகம். அக்காவின் மகள் என்னை அங்கு கூட்டிச் சென்றாள். ஆசியாவின் சிறந்த 50 உணவகங்களின் பட்டியலில் இடம்பிடித்தது என்றதும், முள்ளுக்கரண்டி பிடிக்கத் தெரியாதே என்று பயந்தேன். ஆனால், எல்லோரும் நடுவில் வைத்த நண்டைக் கையால் உடைத்துப் பங்கிட்டே உண்டார்கள். உள்ளியும் மிளகாயும் சேர்ந்த எண்ணெயை நாங்களும் பாணால் தொட்டுச் சாப்பிட்டோம்.

அரைக் கிலோ முதல் இரண்டு கிலோ வரை நண்டுகள். நிறைக்கு நிறை விலை வேறு. களப்பில் நாங்கள் வலையிலிருந்து கழற்றும் அதே நண்டுதான். பெரிதையும் சிறிதையும் கலந்து ஒரே விலைக்கல்லவா கொடுத்து வந்தோம்!

ஊர் திரும்பியதும் மாதர் சங்கத்தில் சொன்னேன்: "சகோதரிகளே, முதலில் ஒரு தராசு வாங்குவோம்."