ஆவரேஜ் பாட்

இணையப் போக்கர் தளங்களில் மேசைகளைப் பட்டியலிட்டுக் காட்டும் பக்கத்துக்கு லாபி என்று பெயர். ஒவ்வொரு மேசைக்கு நேராகவும் சில எண்கள் இருக்கும். எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், மணிக்கு எத்தனை ஆட்டம் ஓடுகிறது, முதல் மூன்று பொதுச் சீட்டுகள் விழும்வரை நூற்றுக்கு எத்தனை பேர் விலகாமல் நிற்கிறார்கள், ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எவ்வளவு பணம் நடுவில் சேர்கிறது. இந்தக் கடைசி எண்தான் ஆவரேஜ் பாட். அது பெரிதாக இருக்கும் மேசையைத் தேடி உட்கார வேண்டும் என்பது ஆட்டக்காரர்களிடையே பழைய பாடம்.

ஜவ்வாது மலையில் நான் கணக்குச் சொல்லிக்கொடுத்த பையன்கள் பலர் இப்போது திருப்பூரிலும் பெங்களூரிலும் வேலை செய்கிறார்கள். சாமை அறுப்புக்கு ஊருக்கு வந்த ஒருவன் ஜமுனாமரத்தூர் பேருந்து நிலையத்தில் என்னிடம் கைபேசியை நீட்டி, "சார், இந்த ஆவரேஜை நம்பலாமா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அங்கேயே உட்கார்ந்து அவனுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

20 ஆட்டம் நடந்ததாக வைத்துக்கொள்வோம். 19 ஆட்டங்களில் நடுவில் சேர்ந்தது தலா 100 ரூபாய். ஒரே ஓர் ஆட்டத்தில் இரண்டு பேர் கையிலிருந்த மொத்தத்தையும் வைத்து மோதினார்கள். அதில் 4,100 சேர்ந்தது. மொத்தம் 6,000, சராசரி 300. அந்த மேசையில் 300 ரூபாய் ஆட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் கூட்டுச் சராசரிக்கு அடுத்து, எண்களை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் இடைநிலை அளவைப் படிக்கிறோமே, அது இங்கே 100 என்று உண்மையைச் சொல்லிவிடும். லாபி அதைக் காட்டுவதில்லை.

இதே சிக்கல் வானியலிலும் உண்டு. எங்கள் மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தில் 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்குகிறது. வானியலாளர்கள் வானத்தின் ஒரே பகுதியைப் பலமுறை படமெடுத்து ஒன்றாகச் சேர்ப்பார்கள். ஏதாவது ஒரு படத்தில் அண்டக்கதிர் பட்டுப் பொய்யாக ஒரு புள்ளி பளிச்சிடும். வெறும் சராசரி எடுத்தால் அந்தக் கறை கடைசிவரை தங்கிவிடும். இடைநிலை அளவு எடுத்தால் போய்விடும். மலைப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பக்கத்தில் வேறு உதாரணம் கிடையாது.

ஆனால் சராசரி சரியாகவே இருந்தாலும் அது எதைக் காட்டுகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். பணம் பெரிதாகச் சேர்வதும் பலர் சீட்டைக் கீழே வைக்காமல் நிற்பதும் ஒன்றைத்தான் சொல்கின்றன: இங்கே நிதானம் இழந்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். போக்கரில் ஒருவர் எடுப்பது இன்னொருவர் விட்டது. தளமும் தன் பங்கை எடுக்கிறது. அது நூற்றுக்கு ஐந்து என்றால், மேலே சொன்ன 20 ஆட்டத்தில் 300 ரூபாய் மேசையை விட்டே போயிருக்கும். மேசை தேர்ந்தெடுப்பது என்றால் தோற்கப்போகிறவரைத் தேர்ந்தெடுப்பதுதான். ஒரே நேரத்தில் பல மேசைகளில் ஆடி, எதிராளியின் பழக்கங்களை மென்பொருளில் சேர்த்து வைத்திருப்பவர் அந்த எண்ணைப் பார்த்து வருகிறார். வேலை முடிந்து நள்ளிரவில் ஆட உட்காரும் கூலித் தொழிலாளி அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறார்.

2023 ஏப்ரலில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த இணையச் சூதாட்டத் தடைச் சட்டத்திலிருந்து ரம்மியையும் போக்கரையும், திறமை ஆட்டம் என்று சொல்லி, அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் விலக்கியது. திறமை இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தத் திறமை யார் மேல் பாய்கிறது என்பதே என் கேள்வி. 2025-இல் நள்ளிரவு முதல் காலை 5 மணிவரை பணம் வைத்து ஆடக் கூடாது என்று மாநிலத்தில் விதி வந்தது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் இணையப் பண விளையாட்டுகள் அனைத்தையும் தடைசெய்தது. அந்தச் சட்டத்தை நான் முழுமனதாக வரவேற்கிறேன்.

சட்டம் தளத்தைத்தான் மூடும்; ஒரு சராசரியை எப்படிப் படிப்பது என்று சொல்லித்தராது. ஒன்பதாம் வகுப்புக்குப் புள்ளியியல் நடத்தும் ஆசிரியர்களே, இந்த 20 ஆட்டக் கணக்கை ஒருமுறை கரும்பலகையில் போட்டுக் காட்டுங்கள்.