குற்றம் எப்பக்கம்?

நோய்களுள் பொல்லாதது, மருத்துவர் வரும் வேளையில் மறைந்துவிடும் நோயே. இரவெல்லாம் காய்ந்த உடம்பு, வைத்தியர் நாடி பிடித்ததும் குளிர்ந்துவிட்டால் நோயாளியின் சொல்லை யார் நம்புவர்? தொலைபேசிக் கம்பிக்கும் இத்தகைய நோய் வருவதுண்டு. முற்றாகச் செத்துப்போன இணைப்பைத் திருத்துதல் எளிது. சிலவேளை பேசிச் சிலவேளை ஊமையாகும் இணைப்போ, அதனை நம்பியிருப்போரின் நற்பெயரையே கெடுத்துவிடும்.

நாம் ஆசிரியத் தொழிலுடன் ஒரு மரண சகாயநிதிச் சங்கத்தின் கௌரவ செயலாளர் பொறுப்பையும் சுமந்து வருகிறோம். அங்கத்தவர் குடும்பத்தில் மரணம் நேர்ந்தால், அன்றைக்கே ஈமச் செலவுக்குப் பணம் கொடுப்பது சங்கத்தின் கடமை. 2023ஆம் ஆண்டு ஆவணியில் எமது காரியாலயம் வேறொரு தெருவிலுள்ள பழைய மாடிக் கட்டிடத்துக்கு மாறியது. தொலைபேசி இலக்கங்கள் இரண்டையும் மாற்றாது உடன்கொண்டு சென்றோம். கைத்தொலைபேசி மலிந்த இக்காலத்தில் இவை எதற்கு என இளைஞர் சிலர் வினவினர். அங்கத்தவர் புத்தகம் ஒவ்வொன்றிலும் அச்சாகியிருப்பவை அவ்விலக்கங்களே. முதியோர் நெஞ்சில் பதிந்திருப்பவையும் அவையே.

மாரி தொடங்கியதும் தொல்லையும் தொடங்கிற்று. ஓர் இணைப்பில் வண்டு முரல்வது போன்ற இரைச்சல். இடையிடையே பேச்சு அறுந்துவிடும். மற்றையதில் மணி ஒரு முறை அரைகுறையாய் ஒலித்து அடங்கிவிடும். ஐப்பசியில் ஒரு காலை, கணவனைப் பறிகொடுத்த மூதாட்டி ஒருவர் மூன்று முறை அழைத்தும் எம்மை அடைய முடியவில்லை. அவருடைய பேரன் மழையில் நனைந்தபடி சைக்கிளில் வந்து செய்தி சொன்னான். “காசு கொடுக்க மனமில்லாமல் ரெலிபோனை எடுக்கிறாங்களில்லை” என்ற பேச்சு, அன்று மாலையே சந்தையில் உலாவிற்று.

முறைப்பாட்டின் பேரில் தொலைபேசி நிறுவனத்தின் ஊழியர் மூன்று முறை வந்தார். மூன்று முறையும் கம்பி நன்றாகவே பேசிற்று. “லைனிலே பிழையில்லை ஐயா, உங்கட கருவியைப் பாருங்கோ” என்று சொல்லிச் சென்றார். கருவி விற்றவர் கம்பியைக் குறை கூறினார். கட்டிடத்தில் மின்வேலை செய்தவர் இருவரையும் குறை கூறினார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, அந்தக் கதைதான். ஆனால் இவர்களுள் எவரும் பொய் சொல்லவில்லை என்பது பின்னரே தெரிந்தது.

இவ்விடத்தில் கம்பியின் இயல்பைச் சிறிது அறிதல் நன்று. செப்புக் கம்பி இணைப்பில், தொலைபேசி நிலையத்திலிருந்து இரு கம்பிகள் எம்மிடம் வருகின்றன. கருவி சும்மா இருக்கையில் அவற்றிடையே ஏறத்தாழ 48 வோல்ற்று மின்னழுத்தம் நிற்கும். கருவியை எடுத்ததும் மின்னோட்டம் பாய்ந்து, அது பத்து வோல்ற்றளவுக்கு இறங்கிவிடும். அந்த ஓட்டத்தைக் கொண்டே நாம் கருவியை எடுத்துவிட்டதை நிலையம் அறிகிறது. மணி ஒலிப்பதற்கு, இவற்றினும் மேலான அழுத்தமுள்ள ஆடலோட்டம் அனுப்பப்படுகிறது. ஆகவே மணி ஒலிக்கும் வேளையில் வெறுங்கம்பியைத் தொடுதல் ஆகாது. இடி முழங்கும் வேளையில் அதன் அருகேயும் செல்லலாகாது.

எமது காரியாலய எழுதுவினைஞரான பெண்மணி ஒரு காரியம் செய்தார். கருவிகளின் அருகே ஒரு கொப்பியைக் கட்டித் தொங்கவிட்டார். பிழை நேரும்போதெல்லாம் நாள், மணி, எந்த இணைப்பு, வந்த அழைப்பா போன அழைப்பா, வானம் எப்படி என்பவற்றைக் குறித்து வந்தார். இரண்டு வாரத்தில் அக்கொப்பி பேசத் தொடங்கிற்று. இரைச்சல் மழையிலும் வெயிலிலும் ஒருபடியாகவே இருந்தது. மணி அடங்கும் பிழையோ, மழை பெய்த இரவுக்கு மறுநாட் காலையில் மட்டும் தோன்றி, வெயில் ஏற ஏற மறைந்தது. ஒரு நோய் என்று யாவரும் எண்ணியது உண்மையில் இரண்டு நோய்கள்!

எம்மிடம் பயின்று மின்தொழிலரான இளைஞர் ஒருவரை அழைத்தோம். “சேர், முதலில் பிழை உள்ளேயா வெளியேயா என்று பிரிப்போம்” என்றார் அவர். நிறுவனத்தின் கம்பி கட்டிடத்தினுள் நுழையும் பெட்டியில், உட்கம்பிகள் யாவற்றையும் கழற்றிச் சாதாரணக் கருவி ஒன்றை மட்டும் பொருத்தினார். முதலாவது இணைப்பில் இரைச்சல் உடனே ஓய்ந்தது. எனவே குற்றம் எமது பக்கம். தேடியபோது, முன்பு குடியிருந்தோர் விட்டுப்போன தட்டைக் கம்பி, மின்சாரக் கம்பியோடு சேர்த்துக் கட்டப்பட்டு நெடுந்தூரம் ஓடியிருந்தது. பூட்டிய அறையொன்றில் அதன் திருகாணிகள் பச்சைக் களிம்பேறிக் கிடந்தன. களிம்பு பேச்சை அறுத்தது. மின்சாரக் கம்பியின் அயல் இரைச்சலைத் தந்தது.

முறுக்கிய புதுக் கம்பி இட்டதும் இரண்டும் தீர்ந்தன. 1876இல் தொலைபேசிக்கு உரிமைப்பத்திரம் பெற்ற அலெக்சாந்தர் கிரகாம் பெல், 1881இல் இந்த முறுக்கிய கம்பிக்கும் பெற்றார். முறுக்குவதால் புற இரைச்சல் இரு கம்பிகளிலும் சமமாய்ப் படிகிறது. கருவியோ அவற்றின் வேறுபாட்டை மட்டுமே கேட்கிறது. ஆதலின் சமமானது ஒழிந்து, பேச்சு எஞ்சுகிறது.

இரண்டாவது இணைப்பில், மழைக்கு மறுநாட் காலை செய்த அதே சோதனையிலும் பிழை நீங்கவில்லை. எனவே குற்றம் வெளியே. கொப்பியின் பிரதியை நிறுவனத்துக்குக் கொடுத்துக் காலையிலேயே வருமாறு கேட்டோம். அதே ஊழியர் விடியற்புறம் வந்து அளந்தார். தெருக் கம்பத்திலிருந்த இணைப்புப் பெட்டியில் நீர் புகுந்திருந்தது. ஈரத்தின் வழியே மின்சாரம் கசிய, நாம் கருவியை எடுத்துவிட்டோம் என மயங்கிய நிலையம் மணியை நிறுத்தியிருக்கிறது. அவர் முன்பு வந்த மூன்று தடவையும் நண்பகல். ஈரம் உலர்ந்துவிட்ட வேளை!

மாணவர் இதில் கற்கத்தக்கது ஒன்றுண்டு. யார் குற்றவாளி என்று கேட்டவரை எமக்கு விடை கிடைக்கவில்லை. குற்றம் எப்பக்கம் என்று கேட்டுப் பாதியாகப் பிரித்த அன்று, அரை மணி நேரத்தில் கிடைத்தது.

இடம் மாறும் சங்கத்தாரும் வணிகரும் புதுக் கட்டிடத்தின் பழைய கம்பிகளை நம்பாது, நுழைவாயிற் பெட்டியிலும் மேசையிலும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். கம்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுதல் வேண்டும். முதல் மழைக்குப் பின் மீண்டும் ஒரு முறை சோதித்தல் வேண்டும். எமது சங்கமோ, அம்மூதாட்டியின் வீட்டுக்கு நிர்வாக சபையார் இருவரை நேரில் அனுப்பி நடந்ததை விளக்கிற்று. கம்பியைத் திருத்த ஒரு நாள் போதுமாயிருந்தது. சந்தைப் பேச்சு ஓய மூன்று மாதம் சென்றது.