ஒட்டுப் போடுதல்

பேட்ச் என்றால் ஒட்டு. ஒட்டுப் போட்டால் கிழிசல் எங்கே என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும். 2017 மார்ச் 14 அன்று, விண்டோஸின் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் ஒரு பேட்ச் வெளியிட்டது. மே 12 அன்று வான்னாக்ரை அதே ஓட்டை வழியாகப் புகுந்து, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. நடுவில் 59 நாட்கள் இருந்தன. பிரிட்டனில் அறுவை சிகிச்சைகள்கூடத் தள்ளிப்போயின.

அப்பாவிடம் இதைச் சொன்னால், “நல்லாத்தானே ஓடிக்கிட்டிருக்கு, அதை ஏன் நோண்டுற?” என்பார். அவர் பயமும் பொய்யில்லை. அப்டேட் பாதியில் நின்று, கணினி திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவதைப் பார்த்தவர்.

அதனால் எனக்கென்று ஒரு வரிசை உண்டு. சி டிரைவில் இடம் இருக்கிறதா பார்ப்பேன். அப்டேட் சர்வீஸை நிறுத்தி, அரைகுறையாக இறங்கிக் கிடக்கும் கோப்புகளை அழித்து, மறுபடி இறக்குவேன். தனி இன்ஸ்டாலர் என்றால், கோப்பின் கைரேகை மாதிரியான ஷா-256 ஹாஷை எடுத்து, தயாரித்தவர்கள் தந்திருப்பதோடு ஒப்பிடுவேன். மொத்தம் 64 எழுத்துகள். கோப்பில் ஒரு பிட் பிசகினாலும் ஒத்துப்போகாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு வேலை. அம்மா போனபின் மிஞ்சிய படங்களெல்லாம் அந்தக் கணினியில்தான் இருக்கின்றன. அவற்றை வெளி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்ததும் கேபிளைக் கழற்றிவிடுவேன். சொருகியே வைத்திருந்தால், வான்னாக்ரை மாதிரி ஒன்று வந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். கழற்றுவதற்கு முன் அப்பா அதில் இரண்டு படங்களைத் திறந்து பார்ப்பார். “சரி, போடு” என்று அவர் சொன்ன பிறகுதான் இன்ஸ்டால்.