மூத்தம்மாட கெசட்டும் திறக்காத பிளக்இன்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருப்பவர்கள் முழுக்க வாசியுங்கள். வீட்டில் பழைய கெசட் வைத்திருப்பவர்கள் நேரமில்லாவிட்டாலும் கடைசிப் பந்தியையாவது வாசித்துவிடுங்கள்.

1991இல் என் மூத்தம்மா சவூதியில் இருந்த மாமாவுக்கு ஒரு கெசட் அனுப்பினா. அந்தக் காலத்தில் அது புதினமில்லை. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று எந்த ஊரை எடுத்தாலும் வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீட்டில் கெசட் கடிதம் இருந்தது. எழுதத் தெரியாத உம்மாமார் றேடியோவுக்கு முன்னால் பாயைப் போட்டு உட்கார்ந்து பேசுவார்கள். ஊருக்குப் போகிற வருகிற ஆள் கையில் அது போகும், பதில் வரும். 60 நிமிட கெசட், பக்கத்துக்கு 30 நிமிடம். மூத்தம்மா இரண்டு பக்கமும் நிரப்பி அனுப்பியிருந்தா. ஏ பக்கத்தில் மாமாவின் முதல் பிள்ளைக்கு ஒரு தாலாட்டு. பிள்ளையைக் கண்ணால் கண்டதில்லை, பிறந்த செய்தி மட்டும்தான் வந்திருந்தது. பி பக்கத்தில் வீட்டிலுள்ள ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு “சலாம் சொல்லு மனே” என்று பேச வைத்திருந்தா. அதில் மூன்று வயதுக்காரனாக நானும் இருக்கிறேன்.

1999இல் மூத்தம்மா மௌத்தானா. 2004 டிசம்பர் 26இல் கடல் எங்கள் வீட்டுக்குள் வந்து போனபோது அல்பம், அலுமாரி, ஐ.சி. கொப்பி எல்லாம் போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ், ஆட்கள் தப்பினோம். மூத்தம்மாவின் ஒரு படம்கூட இப்போது எங்களிடம் இல்லை. அந்த கெசட் மட்டும் ரியாதில் மாமாவின் சூட்கேசுக்குள் இருந்ததால் மிஞ்சியது. மாமா ஊரோடு வந்தபோது அதை உம்மாவின் கையில் கொடுத்தார்.

2010இல் நான் அட்டாளைச்சேனையில் கல்வியியற் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். கூட்டாளி ஒருத்தனிடம் பென்டியம் 4 கொம்பியூட்டர் ஒன்று, விண்டோஸ் எக்ஸ்பி, 80 ஜிபி ஹார்ட் டிஸ்க். அதில் பெரிய ஸ்டூடியோக்களில் பாவிக்கிற ஒரு றெக்கோடிங் சொஃப்ட்வெயார், க்ரெக் பண்ணினது. (பெயர் வேண்டாம். களவெடுத்தது நாங்கள், அவர்களில் குறையில்லை.) செட்டின் இயர்போன் ஓட்டையிலிருந்து வயர் இழுத்து, இரண்டு பக்கத்தையும் ஏற்றிவிட்டேன். பிறகு “சுத்தம்” செய்ய ஆரம்பித்தேன்.

சுத்தம் செய்வது எதைக்கொண்டு? இங்கேதான் பிளக்இன் வருகிறது. றெக்கோடிங் சொஃப்ட்வெயார் என்பது ஒரு வீடு மாதிரி. சுவரில் சொக்கட் இருக்கும். மின்விசிறியும் அயர்ன் பெட்டியும் வேறு கம்பனிகள் செய்து விற்பவை. நீங்கள் வாங்கி வந்து சொருகினால் வேலை செய்யும். அதேபோல இரைச்சலைக் குறைப்பதற்கு, குரலைத் துலக்குவதற்கு, பள்ளிவாசலுக்குள் நின்று பேசுகிற மாதிரி எதிரொலி சேர்ப்பதற்கு என்று ஆயிரம் சிறிய மென்பொருட்கள் இருக்கின்றன. அவற்றைத் தாய் மென்பொருளில் சொருகுகிறோம். சொருக வேண்டுமென்றால் பின்னும் சொக்கட்டும் பொருந்த வேண்டும்.

நம் நாட்டில் இதை விளங்கப்படுத்துவது லேசு. ரவுண்ட் பின் 5 அம்பியர், ரவுண்ட் பின் 15 அம்பியர், சதுரப் பின் 13 அம்பியர் என்று மூன்றோடும் மாரடித்தவர்கள் நாங்கள். அரசாங்கம் சதுரப் பின்தான் இனித் தரம் என்று சொன்ன பிறகும் எத்தனை வீட்டில் மல்டி பிளக் தொங்குகிறது!

இசை மென்பொருளிலும் இதே கூத்துத்தான். 1996இல் ஜேர்மனியின் ஹம்பர்க்கில் உள்ள ஸ்டைன்பேர்க் கம்பனி தன்னுடைய கியூபேஸ் மென்பொருளோடு வீஎஸ்ரீ என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் அதற்கேற்றபடி பிளக்இன் செய்யலாம் என்று வழியைத் திறந்துவிட்டதால் உலகம் முழுக்கப் பரவியது. 1999இல் வீஎஸ்ரீ 2. 2008இல் வீஎஸ்ரீ 3. அப்பிள் தனக்கென்று ஓடியோ யூனிட்ஸ் வைத்திருக்கிறது. புரோ டூல்ஸ்காரருக்கு ஏஏஎக்ஸ். அப்பிளைப் பற்றி ஒரு சின்னக் கதை: ஏ. ஆர். ரஹ்மான் பாவிக்கிற லொஜிக் இருக்கிறதே, அது முதலில் விண்டோஸிலும் ஓடியது. 2002இல் அதைச் செய்த ஜேர்மன் கம்பனியை அப்பிள் வாங்கியது. விண்டோஸ் பதிப்பு அத்தோடு நின்றுபோனது. விண்டோஸில் வேலை செய்துகொண்டிருந்தவன் ஒன்றில் மெக் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் வேறு வீடு பார்க்க வேண்டும். சொக்கட் யாருடைய கையில் இருக்கிறதோ அவன் வைத்ததுதான் சட்டம்.

2010இல் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நெட் கஃபேயில் டவுண்லோட் பண்ணி வந்த நான்கு பிளக்இன். மூன்று இலவசம், ஒன்று களவு. நான்கும் வீஎஸ்ரீ 2, நான்கும் 32 பிட். முதலாவது கெசட்டின் “ஸ்ஸ்ஸ்” இரைச்சலைக் குறைப்பது. இரண்டாவது நொயிஸ் கேட்: சத்தம் ஒரு அளவுக்குக் கீழே போனால் வாசலைச் சாத்திவிடும், குரல் வந்தால் திறக்கும். மூன்றாவது ஈக்கியூ. நான்காவது எதிரொலி. வாலிப வயசு, எல்லாவற்றையும் அள்ளிப் போட்டேன். பிறகு 128 கிலோபிட் எம்பி3 ஆக்கி குடும்பத்துக்கெல்லாம் புளூடூத்தில் அனுப்பினேன். எல்லோரும் அழுதார்கள். எனக்குப் பெரிய பெயர்.

அந்த நேரத்தில் நான் செய்த ஒரு வேலையைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. சுத்தம் செய்யாத வேவ் கோப்பு நிமிடத்துக்கு 10 எம்பி அளவில் இடம் பிடிக்கும். இரண்டு பக்கத்துக்கும் 600 எம்பி. எம்பி3 நிமிடத்துக்கு 1 எம்பிதான். கற்பித்தல் ஒப்படைக்கு ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று கூட்டாளி சொன்னான். பி பக்கத்தின் வேவை அழித்தேன். “வெறும் பேச்சுத்தானே, எம்பி3 இருக்கிறது” என்று நினைத்தேன். ஏ பக்கத்தை அழிக்கும் முன் சாப்பாட்டு பெல் அடித்தது. அதனால் அது தப்பியது. கெசட் இருக்கிறதே என்ற தைரியமும் இருந்தது. 2014இல் அந்த கெசட்டை இன்னொரு செட்டில் போட்டபோது நாடா சுற்றி இழுபட்டு, நொறுங்கி, கதை முடிந்தது.

இனி 2024க்கு வருவோம். நோன்பு லீவு. ரியாதில் பிறந்த அந்தப் பிள்ளைக்கு, மூத்தம்மா காணாமல் தாலாட்டின பிள்ளைக்கு, இப்போது ஒரு பிள்ளை கிடைத்திருக்கிறது. மாமா கோல் பண்ணி, “மருமகன், உம்மாட அந்தத் தாலாட்ட நல்லா கிளியர் பண்ணி அனுப்புங்க. இந்த எம்பி3 பைப்புக்குள்ள பாடுற மாதிரி இரிக்கி” என்றார். மனசு சுருக்கென்றது. ஆனால் சொன்னது உண்மை. அந்த எதிரொலியை நான்தான் போட்டேன்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தேடி எடுத்து, என் லெப்டொப்பில் மாட்டினேன். பழைய சொஃப்ட்வெயார் என்னிடம் இல்லை, இருந்தாலும் இனிக் க்ரெக் பாவிப்பதில்லை என்று எண்ணி வைத்திருந்தேன். வகுப்பில் பிள்ளைக்கு “மற்றவன் கொப்பியைப் பார்த்து எழுதாதே” என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து களவு சொஃப்ட்வெயார் திறப்பது எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. பிள்ளைகளோடு பாவிப்பது ஒடாசிட்டி. 1999இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் தொடங்கி 2000இல் வெளிவந்த இலவச, திறந்த மென்பொருள். நான்கு பிளக்இன்னையும் அதன் கோப்புறையில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. இரவு 2 மணிக்கு விளங்கியது: என் ஒடாசிட்டி 64 பிட், பிளக்இன்கள் 32 பிட். 15 அம்பியர் பின்னை 5 அம்பியர் ஓட்டைக்குள் இடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

64 பிட் பதிப்பு கிடைக்குமா என்று தேடினேன். இலவசமாகச் செய்து கொடுத்த மூன்று பேரில் ஒருத்தருடைய இணையத்தளம் இல்லவே இல்லை. ஒருத்தர் வேலையை நிறுத்திவிட்டார். ஒருத்தர் புதிய பதிப்பு செய்திருக்கிறார், வீஎஸ்ரீ 3இல். பழைய அமைப்புகளை அது ஏற்காது. ஸ்டைன்பேர்க் 2018இலேயே புதியவர்களுக்கு வீஎஸ்ரீ 2 உரிமம் கொடுப்பதை நிறுத்திவிட்டது. 2022 ஜனவரியில், தன்னுடைய மென்பொருட்களில் 24 மாதத்துக்குள் வீஎஸ்ரீ 2 ஐக் கைவிடுவதாகவும் அறிவித்தது. கம்பனிக்கு அது நியாயம்தான். ஒரே நேரத்தில் இரண்டு சொக்கட்டைப் பராமரிக்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து? ஆனால் சொருகி வைத்தவன் பாடு? இந்தக் கேள்வியால்தான் அதே 2022 ஜூனில் பேர்லினைச் சேர்ந்த இரண்டு கம்பனிகள், யூ-ஹீயும் பிட்விக்கும், கிளெப் என்ற திறந்த வடிவத்தை வெளியிட்டன. யாரிடமும் உரிமம் கேட்கத் தேவையில்லை. லினக்ஸ்காரர்களிடம் எல்வீ2 என்று முன்னமே ஒன்று இருந்தது. நல்ல விசயம்தான். என் நான்கு பிளக்இன்னுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

உதவியது ரீப்பர். வினாம்ப் ஞாபகமிருக்கிறதா? நாங்கள் எல்லோரும் எம்பி3 கேட்ட அந்த வினாம்பைச் செய்த ஜஸ்டின் ஃப்ராங்கல்தான் ரீப்பரையும் செய்தவர். அதற்குள்ளேயே ஒரு பாலம் இருக்கிறது: 32 பிட் பிளக்இன்னை வேறாக ஓடவிட்டு 64 பிட் வீட்டோடு இணைத்துவிடும். மல்டி பிளக் மாதிரி. 60 நாள் பார்க்கலாம், பிறகு 60 டொலர். 2022 தொடக்கத்தில் வாங்கியிருந்தால் 12,000 ரூபாய் அளவில் முடிந்திருக்கும், 2024இல் 18,000. கட்டாரில் இருக்கிற மச்சான் தன் கார்டில் கட்டித் தந்தான். மூன்று இலவசப் பிளக்இன்னும் திறந்தன. களவெடுத்தது மட்டும் திறக்கவில்லை, ஏதோ நம்பர் கேட்டது. சிரிப்பு வந்தது.

பிளக்இன் திறந்ததே தவிர 2010இல் எந்தப் பிடியை எவ்வளவு திருகினேன் என்பது பழைய சொஃப்ட்வெயாரின் புரொஜெக்ட் கோப்புக்குள் மாட்டிக்கொண்டது. ரீப்பரால் அதை வாசிக்க முடியாது. ஒரு கடதாசியில் எழுதி வைக்கவில்லை. ஆகவே முதலிலிருந்து. வேவைப் போட்டு, ஒரு பிளக்இன்னும் இல்லாமல் ஸ்பீக்கரில் விட்டேன்.

உம்மா ஸஹருக்கு எழும்பியிருந்தா. கதவடியில் வந்து நின்றா.

14 வருடமாக நாங்கள் கேட்டதில் வரிக்கும் வரிக்கும் இடையில் ஒன்றுமில்லை, மயான அமைதி. நான் போட்ட கேட் வாசலைச் சாத்தியிருந்தது. இப்போது அந்த இடைவெளிகளில் தறிச் சத்தம் கேட்டது. மருதமுனை வீட்டின் பின் தாழ்வாரத்தில் மூத்தப்பா சாரன் நெய்கிற சத்தம். நாடா போகிறது, வருகிறது, பலகை அடிக்கிறது. மூத்தம்மா அந்த அடிக்குத்தான் தாலாட்டை நிறுத்தி நிறுத்திப் பாடியிருக்கிறா. நடுவில் நூல் அறுந்தது போல, தறி நிற்கிறது. மூத்தம்மாவும் நிற்கிறா. தறி தொடங்கியதும் அவவும் தொடங்குகிறா.

“இது வாப்பாட தறிகா” என்று உம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தா. மூத்தப்பாவின் குரல் எங்கேயும் பதிவாகவில்லை. இதுதான் அவருடைய ஒரே சத்தம்.

கொஞ்ச நேரம் கழித்து உம்மா கேட்டா: “இவ்வளவு நாளும் இது எங்க போச்சி மனே?”

நான்தான் வெட்டினேன் என்று சொன்னேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. “மாமாக்கு இப்படியே அனுப்பு. ஒண்டும் செய்யாத” என்றா. ஈக்கியூ மட்டும் கொஞ்சம் போட்டேன், அது உம்மாவுக்குத் தெரியாது.

(இசை ஹலாலா ஹராமா என்று கொமண்டில் ஆரம்பிக்க வேண்டாம். அதில் தறியைத் தவிர வேறு கருவி இல்லை.)

பி பக்கத்துக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. எம்பி3 மட்டும்தான் இருக்கிறது. கேட் வெட்டியது வெட்டியதுதான், அந்த இடத்தில் பூச்சியம். எந்தப் பிளக்இன்னாலும் இல்லாத சத்தத்தைக் கொண்டுவர முடியாது. “சலாம் சொல்லு மனே” என்று மூத்தம்மா கேட்கிறா. அடுத்து என் குரல் வர வேண்டும். நான் மெதுவாகத்தான் சொல்லியிருக்கிறேன் போல, வாசல் திறக்கவில்லை. பிறகு மூத்தம்மா சிரிக்கிறா. நான் என்ன சொன்னேன் என்று உம்மாவிடம் கேட்டேன். உம்மாவுக்கு ஞாபகமில்லை.

இப்போது பாடசாலையில் பிள்ளைகளின் கவிதை, கவி, நாடகம் எது பதிந்தாலும் தொடாத வேவை முதலில் இரண்டு இடத்தில் வைக்கிறோம். ஒடாசிட்டி 3.2க்குப் பிறகு, அதாவது 2022 செப்டம்பருக்குப் பிறகு, விளைவுகளை ஓடவிட்டபடியே போடலாம், கழற்றலாம், மூலம் கெடாது. வீஎஸ்ரீ 3உம் ஏற்கும். எந்தப் பிளக்இன், எந்தப் பிடி, எவ்வளவு என்று ஒரு பிள்ளை கொப்பியில் எழுதும். “சேர், கொம்பியூட்டரில தானே சேவ் ஆகுது, என்னத்துக்கு எழுதணும்?” என்று தரம் 9 பிள்ளை கேட்டாள். எழுது என்றேன்.

கடைசிப் பந்தி இதுதான். சவூதி, கட்டார், குவைத் என்று போய் வந்த குடும்பங்களில், அலுமாரிக்கு மேலே, பிஸ்கட் டின்னுக்குள், கெசட் கடிதம் இன்னும் இருக்கலாம். தயவுசெய்து கைக்குக் கிடைத்த செட்டில் போட்டுப் பார்க்காதீர்கள், நாடா இழுபட்டால் என் கதைதான். வெயிலில் காய வைக்காதீர்கள். வெள்ளைப் பூஞ்சணம் தெரிந்தால் சுற்றவும் வேண்டாம். அப்படியே கொண்டு வாருங்கள், சனி, ஞாயிறு அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் வீட்டில்தான் இருப்பேன். இன்பொக்ஸில் சொல்லிவிட்டு வந்தால் நல்லது. காசு வேண்டாம். ஒரு பென் டிரைவ் மட்டும் கொண்டு வாருங்கள், 8 ஜிபியாவது இருக்கட்டும், வேவாகத்தான் தருவேன்.